மந்திகளைப் பார்க்க வந்த இருபத்தெட்டுப் பேர்

பூங்கா வாசலில் இப்போது ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். டிக்கட்டைக் காட்டினால் 'டிக்' என்று சத்தம் போட்டு ஆளை உள்ளே விடுகிறது. திரும்பி வரும்போது இன்னொரு 'டிக்'. மாலையில் உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று அதுவே சொல்லிவிடுகிறது. போன மாதம் ஓய்வூதியக் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க மேலே பூங்கா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கிற சுகந்தி என்ற பிள்ளை எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இது இல்லாம முன்ன எப்பிடி அண்ணே எண்ணுனீங்க?"

"வெரலால," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு, அதையெல்லாம் எழுதித் தாருங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம் என்றாள். கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். படிப்பாளா என்று தெரியாது.

பதினெட்டு வருடம் அந்த வாசலில் நின்றேன். என் சேவைக் கடிதத்தில் ஏதோ பெரிய பெயராகப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் பார்த்தது இரண்டே வேலை. பை பார்ப்பது, ஆள் எண்ணுவது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னிடம் சிறுத்தையைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஆசையாகக் கேட்பார்கள். மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்று முறையும் அது போய்க்கொண்டிருந்தது. நான் கணக்கில்லாமல் பார்த்தது கிறீம் பிஸ்கட்தான்.

பூங்காவின் பெயரை எழுதப் போவதில்லை. என்னோடு நின்றவர்கள் சிலர் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். தேயிலை முடிந்த இடத்துக்கும் மேலே, மேகம் மரங்களுக்குள் வந்து உட்காருகிற உயரத்தில் இருக்கும் காடு என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மரங்கள் குட்டையாக, கோணிக்கொண்டு, அடி முதல் நுனி வரை பாசி பிடித்து நிற்கும். மந்திக்கும் பறவைக்கும் பேர்போன இடம். யானை கிடையாது. இந்த ஒரு வசனத்தை மட்டும் நான் பத்தாயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

நான் ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். முப்பத்தாறு வயது வரை மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றினேன். லொறியில்தான் சிங்களம் படித்தேன். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்பதைத் தமிழ் ஆட்களிடம் தமிழில் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், அப்படித்தான் வேலை கிடைத்தது. பயிற்சி மூன்று வாரம். முதல் வாரம் பறவைகளின் பெயர். இரண்டாவது வாரம் தீ அணைப்பது. மூன்றாவது வாரம் பயிற்சி கொடுத்தவருக்குக் காய்ச்சல்.

பை பார்க்கிற வேலைக்கு ஒரு முறை இருந்தது. பொலித்தீன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மரை மான் அதைத் தின்றுவிட்டு வயிறு அடைத்துச் செத்துப்போகும். ஆகவே மேசையில் பையைத் திறந்து, பிஸ்கட்டை அதன் உறையிலிருந்து உரித்து, காகிதப் பையில் போட்டு, ஆளின் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக் கிழித்து எடுக்க வேண்டும். கேட்க இலகுவாக இருக்கும். கொழும்பிலிருந்து நான்கு மணி நேரம் வாகனத்தில் வந்த ஒரு குடும்பத்தின் முன்னால் அவர்களுடைய சொக்லேட்டை ஒவ்வொன்றாக உரித்துப் பாருங்கள், தெரியும். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். குறைவாகத்தான் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

வாகனம் நிறுத்துகிற இடத்தில் செங்குரங்குகள். அவையும் பைதான் பார்க்கும், ஆனால் காகிதப் பை கொடுக்காது. ஒருமுறை ஒருவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய் மரத்தில் உட்கார்ந்துவிட்டது. அவர் என்னிடம் எழுத்தில் முறைப்பாடு தர வேண்டும் என்றார். பிரதிவாதி யார் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

பறவை பார்க்க வருகிறவர்கள் வேறு ரகம். விடியும் முன்பே வந்து, குளக்கரையில் ஆளுக்கொரு பெரிய கமராவை வைத்துக்கொண்டு, பேசாமல் நிற்பார்கள். அந்தக் காட்டில் விசிலடிக்கிற நீலக் குருவி ஒன்று இருக்கிறது. அந்தி சந்தியில் மட்டும் சத்தம் கொடுக்கும். அதைப் பார்க்க உலகத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு நாள் நின்று, பார்க்காமல், எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருடத்தில் நான் அதை ஒழுங்காகப் பார்த்தது நாலு தடவை. விசிலைத் தினமும் கேட்டேன்.

இரண்டாவது வேலை, ஆள் எண்ணுவது. அதைச் சொல்ல முதலில் பண்டார மாத்தயாவைச் சொல்ல வேண்டும்.

அவர்தான் வாசலுக்குப் பொறுப்பான அதிகாரி, மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைக் கையை ஒருநாளும் மடித்துவிட மாட்டார். ஏசமாட்டார். நாங்கள் சரியாகக் கூட்டவில்லை என்றால் விளக்குமாற்றை எடுத்து அவரே கூட்டுவார், நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கூட்டி முடித்து விளக்குமாற்றை நம் கையில் தந்துவிட்டுப் போவார். இதைவிட நாலு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம்.

ஆள் எண்ணுவதில் அவருக்கு ஒரு முறை. உள்ளே போகும்போது ஒருவர் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியே வரும்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒவ்வொரு ஆளின் நெஞ்சுக்கு நேரே விரலைக் காட்டி எண்ண வேண்டும். நடுவில் யாராவது எழுந்து நடந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால், "ஆயெத் பலமு" என்பார். திரும்பப் பார்ப்போம் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட சிங்களம் அதுதான்.

ஏன் இப்படி என்று ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு காட்டில், வாசலில் நின்றவர் எண்ணாமலே எண்ணியதாக எழுதிவிட்டாராம். விடுபட்ட பள்ளிக்கூட ஆசிரியரை மறுநாள் காலையில் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் தானும் ஒருவன் என்றார். தேநீரைக் குடித்து முடித்தார். குவளையைக் கழுவிவைத்தார்.

இனி அந்த இருபத்தெட்டுப் பேரைச் சொல்கிறேன். எனக்கு நிரந்தர நியமனம் வருமா வராதா என்று இழுத்துக்கொண்டிருந்த வருடம். தைப்பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்தெடுக்கிற பெண்கள் ஒரு பஸ் பிடித்து வந்தார்கள். இருபத்தெட்டுப் பேரும் பெண்கள், டிரைவர் மட்டும் ஆண். யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, தாங்களே பேசி, தாங்களே சேர்த்து, தாங்களே வந்திருந்தார்கள். இதற்குத் தலைமை மூக்காயி அக்கா. குட்டையாக, கனமாக, எல்லோருடைய பையையும் தானே தூக்கிக்கொண்டு வரிசையில் முன்னால் நின்றார்.

நான் பை பார்த்தேன். ரொட்டியும் சம்பலும் துணியில் கட்டியிருந்தது. தேநீர் பழைய பிளாஸ்கில். இருபத்தெட்டுப் பைகளிலும் ஒரு பொலித்தீன் கிடைக்கவில்லை. என் மேசை அப்படிச் சுத்தமாக இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது, நானே கட்டிக்கொடுத்த பைகள் மாதிரி.

வரிசையில் கடைசியாக வந்தவர் பாக்கியம் அக்கா. மெலிந்த உடம்பு, பச்சை சுவெட்டர், கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள்.

"தம்பி, இந்த மலைல என்னா வேல குடுப்பாங்க?" என்று கேட்டார். முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வேல ஒன்னும் இல்லக்கா. நடந்து போயி பாத்துட்டுத் திரும்பி வாறதுதான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அடுத்த மாசம் எனக்கு அம்பத்தஞ்சு முடியுது. முப்பத்தொம்பது வருசம் மலைக்குப் போனேன். கொழுந்துக் கூட இல்லாம மலை ஏறுறது இன்னைக்கித்தான்." முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்னமோ மறந்துட்டு வந்தாப்ல இருக்கு."

எங்கள் பக்கத்தில் மலைக்குப் போவது என்றால் வேலைக்குப் போவது. வேறு எதற்கும் யாரும் மலைக்குப் போவதில்லை. விரலைக் காட்டி எண்ணினேன், இருபத்தெட்டு, எழுதினேன். போனார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் காட்டுக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

நாலு மணிக்கு வாசல் மூடும். மூன்றே முக்காலுக்கு அவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினார்கள். கீழேயிருந்து மூடுபனி வந்துகொண்டிருந்தது. எனக்குக் குளிர். மூக்காயி அக்கா என்னிடம் வந்து, மீதமிருந்த ரொட்டியில் ஒன்றைக் கையில் வைத்தார்.

"எல்லாரும் வந்தாச்சாக்கா?"

"வந்தாச்சு தம்பி. இருபத்தெட்டும் ஏறியாச்சு."

நான் பதிவேட்டில் இருபத்தெட்டு என்று எழுதினேன். விரலைக் காட்டவில்லை. ஒரு கையில் ரொட்டி இருந்தது, மறு கையில் பேனா இருந்தது. நம்ம ஆட்கள், அக்கா வயதுக்காரர்கள், இவர்களை ஏறி நின்று எண்ணுவதா என்று ஒரு நினைப்பும் இருந்தது. காரணம் எத்தனை சொன்னாலும் நான் எண்ணவில்லை.

பஸ் புறப்படவில்லை. டிரைவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். இரண்டு பேர் இறங்கிக் கழிவறைக்குப் போனார்கள். அவர்கள் வந்ததும் வேறு மூன்று பேர் போய்வந்தார்கள். ஒரு அக்கா பஸ் படியில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்து, வாரி, திரும்பக் கட்டினார். கட்டியதை மறுபடி அவிழ்த்தார். நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பண்டார மாத்தயா அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, அந்தத் தலைமுடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ்ஸுக்குள் ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

அவர் விரலைக் காட்டி எண்ணினார். இருபத்தேழு.

நான் எண்ணினேன். இருபத்தெட்டு.

"ஆயெத் பலமு," என்றார்.

பின் ஆசனத்தில் ஒரு அக்கா சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாத்தயா அவரிடம் போய், மன்னிக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சால்வையை மெதுவாகத் தூக்கினார். கீழே மூன்று பைகள், மேலே பிளாஸ்க். நான் அதை இருபத்தெட்டு என்று எண்ணியிருந்தேன். மாத்தயா சால்வையைப் பழையபடி பிளாஸ்க்குக்குப் போர்த்திவிட்டுக் கீழே இறங்கினார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு, இந்தப் பெண்கள் எதற்காகப் பொய் சொன்னார்கள் என்று தோன்றும். எனக்கு அது அந்தக் கணமே புரிந்துவிட்டது.

தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் எண்ணுவார்கள். நேரத்துக்கு இல்லாதவருக்கு அன்றைய பேர் கிடையாது. செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஆளுடைய நம்பருக்கு நேரே பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். மலையில் கங்காணி எண்ணுவார், நிறுவையில் கணக்கப்பிள்ளை எண்ணுவார். ஒருத்திக்கு வயிற்றுவலி, தேயிலைச் செடி மறைவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள் என்றால் மற்றவர்கள் தங்கள் கொழுந்தில் ஒரு பிடி அவள் கூடையில் போடுவார்கள். கங்காணி அவளைத் தேடினால், "இந்தா, இப்ப அங்கிட்டு நின்னா" என்று நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். ஆள் குறைவதை நாமாகச் சொல்லக் கூடாது. எழுதாத சட்டம் அது. என் அம்மா எத்தனையோ பேருக்காக அப்படித் திசை காட்டியிருக்கிறார், அவருக்காகவும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் என் கையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். பதிவேடு வைத்திருக்கிறவன் யாராக இருந்தாலும் அவனிடம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். வேறு யார் அதில் ஏமாந்தாலும் நான் ஏமாந்திருக்கக் கூடாது.

"பாக்கியந்தான்," என்றார் மூக்காயி அக்கா. "காலு ஒன்னும் வலிக்கலயாம். கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வாறேன், நீங்க போங்கடின்னா. அரை மணி நேரத்துல வந்துருவான்னுதான் நெனச்சோம். அவ பேர வெட்டிறாதீங்க தம்பி."

"எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"அந்தக் கறுப்பு மந்தி இருந்த எடத்துல."

அந்தப் பாதையில் கறுப்பு மந்தி இருக்கிற இடம் ஆறு.

நான் அவருக்கு விளக்கினேன். இந்த மாதத்தில் விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும், சுவெட்டர் தாங்காது. மரை நிற்கிற காட்டில் சிறுத்தையும் நிற்கும். இருட்டினால் பாதை தெரியாது, பாதையின் ஒரு பக்கம் சில இடங்களில் பள்ளம். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது. பஸ்ஸுக்குள் யாரோ அழ ஆரம்பித்தார்கள். டிரைவர் எஞ்சின் மூடியைச் சாத்தினார், அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

மாத்தயா இரண்டு டோர்ச் லைட், ஒரு கம்பளி, விசில் எடுத்தார். வாசலில் இன்னொருவரை நிறுத்தினார். நானும் அவரும் போனோம். மூக்காயி அக்காவை வர வேண்டாம் என்றேன். "நீ யாரு தம்பி என்னய வேணாங்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தார். மாத்தயாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை, அவருக்கே புரிந்திருந்தது.

நாலரை மணி. வெளிச்சம் ஆறே கால் வரைக்கும் இருக்கும், மூடுபனியில் அதைவிடக் குறைவு. முதல் இடத்தில் மந்திகள் இருந்தன, ஆள் இல்லை. அந்தக் காட்டு மந்தி கீழ்நாட்டு மந்தி மாதிரி இல்லை. குளிருக்குக் கம்பளிக் கோட்டுப் போட்டதுபோல உடம்பெல்லாம் அடர்ந்த மயிர், கன்னத்தில் வெளிறிய தாடி. இலையைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். நாங்கள் மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது இடத்தில் அவையும் இல்லை. மாத்தயா ஒவ்வொரு வளைவிலும் நின்று விசில் அடித்தார், அடித்துவிட்டு ஒரு நிமிடம் காது கொடுத்தார். மூக்காயி அக்கா கையைக் குவித்து, "ஏ... பாக்கியோம்!" என்று கூப்பிட்டார். எதிர்மலையில் வேலை செய்கிறவளைக் கூப்பிடுகிற சத்தம் அது, ஒரு பள்ளத்தைத் தாண்டும். பதில் இல்லை. மூன்றாவது இடம், நாலாவது இடம். ஐந்தரை ஆகிவிட்டது. நீலக் குருவி விசிலடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் பெண் குரலோ என்று நின்றேன். அந்தப் பறவையை நான் மனதார வெறுத்தது அன்றைக்குத்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. நியமனத்தை நினைத்தும் பயந்தேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஆசிரியரைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாவது இடத்துக்குக் கிட்ட, ஓடை திரும்புகிற இடத்தில், பாதையோரம் சகதியில் ஒரு செருப்புத் தடம் காட்டுக்குள் போயிருந்தது. மூக்காயி அக்கா கூப்பிட்டார். விசில் அடித்தோம். ஒன்றுமில்லை. பத்தடிக்கு அப்பால் மரங்கூடத் தெரியவில்லை. உள்ளே இறங்கினால் நாங்களும் தொலைவோம்.

"அவளுக்குக் கேட்டிருக்கும்," என்றார் மூக்காயி அக்கா. "கேட்டும் பேசாம இருக்கா. இல்லாட்டி..."

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் தோன்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது.

"அக்கா, அவங்க நம்பர் என்னா?"

"எந்த நம்பரு?"

"செக்ரோல் நம்பர்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது எதுக்கு இங்க?"

"சொல்லுங்கக்கா. இருட்டுது."

"நூத்தி நாப்பத்தி மூணு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் பாதையின் நடுவில் நேராக நின்றேன். எங்கள் தோட்டத்து நிறுவையில் கணக்கப்பிள்ளை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படி, கடைசி எழுத்தைத் தூக்கி, அவசரமாக, ஏதோ பாக்கி நிற்கிற மாதிரிக் கத்தினேன்.

"நூத்தி நாப்பத்தி மூணேய்!"

"வந்துட்டேங்க!"

இடது பக்கம், மிகக் கிட்டத்தில். முப்பதடி கூட இருக்காது.

மாத்தயா டோர்ச் அடித்துக்கொண்டு முதலில் போனார். பாக்கியம் அக்கா விழுந்து கிடந்த பாசி மரத்தின் பக்கத்தில் எழுந்து நின்றார். அவர் எழுந்திருக்க நினைத்ததாகத் தெரியவில்லை, எழுந்து நின்றிருந்தார். அவருக்கு மேலே கிளையில் ஐந்தாறு மந்திகள், நடுவில் ஒரு குட்டி. எங்களைக் கண்டதும் மெதுவாக, ஒவ்வொன்றாக, உயரத்துக்குப் போயின. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு தன் வாயில் தானே படார் என்று ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"இந்த வாயி இருக்கே..."

மூக்காயி அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார், ஏசினார், திரும்ப அழுதார். மாத்தயா கம்பளியைப் போர்த்திவிட்டார். நான் பக்கத்தில் போய், கூப்பிட்டது கேட்கவில்லையா அக்கா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு தம்பி. விசிலும் கேட்டுச்சு. இன்னுங் கொஞ்ச நேரம், இன்னுங் கொஞ்ச நேரம்னு இருந்தேன். காலைலேர்ந்து அந்தி வரைக்கும் யாராவது என்னய எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாளு எண்ணுறவன் இல்லாத எடத்துல ஒக்காந்து பாப்பம்னு நெனச்சேன். அதுக பாட்டுக்கு இருந்துச்சுக, நான் பாட்டுக்கு இருந்தேன். பேசவே கூடாதுன்னு வச்சிருந்த வாயி, நீ நம்பரச் சொன்னதும் தானா தொறந்துருச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், எதுவும் எனக்கு அப்படிச் சுட்டதில்லை.

திரும்பி நடக்கும்போது மாத்தயா என்னோடு சேர்ந்து வந்தார். அவராக ஒரு கேள்வி கேட்டது அபூர்வம். நீ கத்தியது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"நம்பர்."

"யாருடைய நம்பர்?"

"அந்த அக்காவுடையது."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அவருக்குப் பெயர் இருக்கிறதே. பெயரைச் சொல்லித்தானே அந்த அம்மா அவ்வளவு நேரம் கூப்பிட்டார்?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரிந்த லொறிச் சிங்களம் போதவில்லை. பழக்கம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். டோர்ச் வெளிச்சத்தைப் பின்னால் வந்த இரண்டு பெண்களின் காலடிக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வாசல் வரைக்கும் பக்கவாட்டாகவே நடந்தார்.

வாசலுக்கு வந்தபோது ஏழு மணி. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடிவந்தார்கள். தேநீர் கொதிக்கவைத்தோம். மாத்தயா பதிவேட்டை எடுத்து, மூன்றே முக்காலுக்கு நான் எழுதிய இருபத்தெட்டைப் பார்த்தார். அதை வெட்டப் போகிறார் என்று நின்றேன்.

"இப்போது இது சரி," என்றார். பக்கத்தில் ஏழு மணி என்று நேரத்தை மட்டும் எழுதினார். மேலே அனுப்பிய அறிக்கையில், எண்ணிக்கையில் ஏற்பட்ட தவறுக்கு வாசல் பொறுப்பதிகாரியே பொறுப்பு என்று தன் பெயரைப் போட்டிருந்தார். அதை எனக்கு அவர் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து நியமனக் கடிதம் வந்தபோது, கோப்பைத் தட்டச்சு செய்த பிள்ளை சொன்னாள். நான் போய் நன்றி சொன்னேன். அவர் விளக்குமாற்றை என் கையில் தந்தார். உண்மையில் அன்றைக்கு நான் கூட்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு இரவு பஸ் புறப்படுகிற நேரத்தில் நான் ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தேன். பாக்கியம் அக்கா கம்பளியைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எஞ்சின் சத்தத்தில் அவர் குனிந்து கேட்டார்.

"நீ எந்தத் தோட்டம் தம்பி?"

சொன்னேன்.

"அம்மா கொழுந்துக்குப் போனவங்களா?"

"ஆமாக்கா. செத்துப் பதினோரு வருசம்."

"அம்மா பொறந்த தேதி தெரியுமா?"

யோசித்தேன். ஏதோ ஒரு மாரி காலம் என்று அம்மா சொன்ன ஞாபகம். தேதி யாருக்கும் தெரியாது. இல்லை என்று தலையாட்டினேன்.

"நம்பரு?"

"எழுபத்தாறு," என்றேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டிருந்தேன்.